எது உழைக்கும்?

"எதும்மா ரொம்ப நாள் உழைக்கும்?" என்கிறார்
வெலிங்டனிலிருந்து வந்த ஹவில்தார் தவசி.
மகளுக்குப் பத்து வயது. கேம் பெட்டி கேட்கிறாள்.
குடைத் தண்ணீர் என் மேசைக்கடியில்
மார்க்கெட் ரோட்டுச் சாக்கடை போகும் அதே வளைவில் போகிறது.

உழைப்பது என்றால், சார்,
மாடு உழைப்பதா, செருப்பு உழைப்பதா?
என்னிடம் இருப்பது பழுது நோட்டு ஒன்று.
இருபத்தாறு வருஷம், ஓரமெல்லாம் பூஞ்சை.
அதைத்தான் புரட்டுவேன்.

முதல் பக்கங்கள் கேசட்.
அட்டையில் ஆயிரம் ஆட்டம், உள்ளே ஏழு.
கீழே போட்டாலும் சாகாது, டீ கொட்டினாலும் சாகாது.
படம் வராவிட்டால் ஊதுவார்கள்.
குன்னூரில் மூச்சே பாதி தண்ணீர்;
ஊதி ஊதிப் பின்னெல்லாம் பச்சை.
பழுது: துரு. கூலி: பதினைந்து.
அருவங்காடு குவார்ட்டர்ஸில்
ஒரு பெட்டிக்கு மூன்று லைன் பிள்ளைகள் வரிசை.
"உனக்கு இன்னும் எத்தனை உயிர்டா?"
சாதாரணமாய்க் கேட்டுக்கொள்வார்கள்,
பக்கத்தில் வெடிமருந்து ஆலைச் சங்கு ஊத.

அப்புறம் தட்டு. சாம்பல் பெட்டி.
லென்ஸ் கிறங்கிவிட்டால் கவிழ்த்துப் போட்டால்தான் ஓடும்.
ஹாலன் கடையில் ஐந்தும் கவிழ்ந்தே கிடந்தன
வௌவால் மாதிரி, மணிக்கு இருபது ரூபாய்க்கு.
எடப்பள்ளிப் பையன்கள் படுக பாஷையில் வைதபடி
ஜப்பான் எழுத்தில் கோல் போட்டார்கள்.
ஒரு எழுத்தும் தெரியாது.
எந்த வட்டம், எந்தப் பெருக்கல் குறி,
அது கட்டைவிரலுக்குத் தெரியும்.

பிறகு கறுப்பு.
இதோ, ஒரே பெட்டி பதினோரு தடவை.
போஜன். போஜனை அடித்து ஷர்மிளா பானு.
அவளை அடித்து பிஜு, பேக்கரி.
ஆறாவது, கான்வென்ட் ஹாஸ்டல்
(வார்டனுக்குத் தெரியக்கூடாது என்று பென்சிலில்).
பெயர்தான் மாறுகிறது. சீரியல் நம்பர் ஒன்றே.
பழுதுக் கணக்கில் இதுதான் மட்டம், சார்.
ஊரில் பாதி இதன் முன்னால் சம்மணமிட்டிருக்கிறது.

வெள்ளைப் பெட்டியைக் கேட்காதீர்கள்.
ஜூலை மழையில் ஊரே ஸ்வெட்டருக்குள் நடுங்க
அது மட்டும் சூட்டில் செத்தது.
சிவப்பு வளையம் எரிந்தால் துணி சுற்றணும் என்று
யாரோ கிளப்பிவிட்டான்.
கம்பளிக்குள்ளிருந்து எடுத்து நீட்டுவார்கள்,
பச்சைக் குழந்தையை டாக்டரிடம் நீட்டுகிற மாதிரி.
ஆனால் அதில்தான்
பெட்ஃபோர்டு பல் டாக்டர் காதில் மைக் மாட்டி
யாரோ ஒரு ரஷ்யாக்காரனைத்
தன் வீட்டில்கூடச் சொல்லாத தமிழில் வைதார்.
அதற்கு நோட்டில் கட்டம் இல்லை.

இப்போது வருவது சாவதே இல்லை.
தட்டில்லை, மூடியில்லை, ஆட்டமெல்லாம் மேகத்திலாம்.
எங்களுக்கு மேகம் ஜன்னல் வழியே வருகிறது,
ஆட்டம் வருவதில்லை.
டவர் போன நாளில் பெட்டி ஜம்மென்று இருக்கிறது,
உள்ளே ஒன்றுமில்லை. அதைப் பழுதென்று எழுதவா?
கைப்பிடி மட்டும் வருகிறது ரிப்பேருக்கு:
தொடாமலே பொம்மை இடப்பக்கம் நடக்கிறதாம்,
பள்ளத்தைப் பார்த்து.

ஒரு தடவைகூடப் பழுதாகாதது?
இருக்கிறது. கேத்தியில், ஒரு ஷோகேஸில்.
துபாயிலிருந்து வந்தது, பாலிதீன் பிரிக்கவில்லை,
கேரம் கோப்பைக்கும் கல்யாணப் போட்டோவுக்கும் நடுவே.
நூற்றுக்கு நூறு.

தவசி நோட்டைத் தன் பக்கம் திருப்பிக்கொள்கிறார்.
அடித்த பெயர்களை உதடசைத்துப் படிக்கிறார்.
பதினோராவதற்குப் பின் யாரும் வாங்க வரவில்லை
என்பதை அவரே பார்த்துவிட்டார்.

"அந்தப் பெட்டி இப்ப எங்க?"

உங்க முழங்கைக்கு அடியில், சார்.
பார்த்து. கரன்ட்டில் இருக்கிறது.
தட்டு திறக்க மட்டும் இரண்டு தட்டு தட்டணும்,
இடது ஓரத்தில், கோபப்படாமல்.

"எவ்வளவு?" என்கிறார்.

மழை ஓடுகளில் பலக்கிறது.
கேட்கவில்லை என்பதுபோல்
நான் ஸ்குரூ டிரைவரைத் தேடிக்கொண்டிருக்கிறேன்.